பயிற்சி ஞானஸ்நானம்

பிப்ரவரி 7, திங்கள்

இந்த வாரம் சிற்றாலயத்தில் லூத்தரன் முறை. போன வாரம் மெதடிஸ்ட். அடுத்த வாரம் பாப்டிஸ்ட். நான்கு சபைகள் சேர்ந்து ஒரே கல்லூரியில் தெலுங்குப் போதகர்களை உருவாக்குகின்றன என்றால், ஆகா என்ன ஒற்றுமை என்று வெளியே இருப்பவர்கள் உருகுகிறார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும், இது ஒற்றுமை இல்லை, அட்டவணை. திருவிருந்தில் யாருக்கு ஒரே கிண்ணம், யாருக்குக் குட்டிக் குட்டித் தம்ளர், யார் முழங்காலில் நிற்பது, யார் உட்கார்ந்தபடியே ஜெபிப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பதினெட்டு வருடமாக அதைத் தட்டச்சு செய்பவன் நான். ஆராதனை முறைகளுக்கான பேராசிரியர் என்று பெயர்.

மெஸ்ஸில் மறுபடியும் கோங்குரா, அதுதான் புளிச்சக்கீரை. திருநெல்வேலிக்காரன் நாக்கு இதற்குமேல் என்னதான் புளிக்கும்?

இறுதியாண்டு வகுப்பில் குழந்தை ஞானஸ்நானம் ஆரம்பித்தேன். தேவதானம் எழுந்து நின்றான். பாப்டிஸ்ட் சங்கம் அனுப்பி வைத்த பையன். விவரம் தெரிந்து விசுவாசித்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கொள்கை. கல்யாணமானவன், ஏழு மாதத்தில் ஒரு பெண்குழந்தை. "அய்யா, தூங்கிட்டிருக்கிற பிள்ளை தலையில தண்ணிய ஊத்திட்டு விசுவாசின்னு எழுதிக்கிறது எப்படி? அதுக்கு என்ன தெரியும்?" என்றான். வகுப்பே சிரித்தது. (அவர்கள் பேசுவது தெலுங்கு. நான் எழுதுவது என் தமிழில். இங்கே இதை வாசிக்க என் மனைவி எப்சிபாவைத் தவிர ஆள் கிடையாது, அவளுக்கும் என் கையெழுத்து புரியாது.)

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நாற்பது நாள் பிள்ளை நான். அப்படியென்றால் ஐம்பத்தாறு வருடமாக நான் யார், தலை நனைந்த அஞ்ஞானியா? வாய்க்கொழுப்பு.

பிப்ரவரி 10, வியாழன்

பயிற்சி வகுப்பு நடந்தது. தன் சபை முறையில் யாரும் செய்யக் கூடாது, அடுத்த சபை முறையில்தான் நடத்திக் காட்ட வேண்டும் என்பது நான் வைத்த விதி. தேவதானத்துக்குக் குழந்தை ஞானஸ்நானம் வந்தது. வழக்கமாக இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பொம்மை உண்டு. கிடைக்கவில்லை. எப்சிபா வியாழக்கிழமைகளில் மாணவர்களின் மனைவிமாருக்கு, வகுப்புக்கு எதிரே எங்கள் வீட்டு வராந்தாவில் தையல் சொல்லிக் கொடுப்பாள். தேவதானத்தின் மனைவி சுகுணா பிள்ளையோடு அங்கே இருந்தாள். அந்தப் பிள்ளையை வைத்தே செய்தான். நன்றாகச் செய்தான். பத்துக்கு எட்டு.

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி மூன்றாவது முறையாக ஆபீஸுக்கு எழுதினேன். கொசு பிடுங்குகிறது.

பிப்ரவரி 11, வெள்ளி

சாயங்காலம் தேவதானம் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அய்யா, நேத்து நடந்தது செல்லுமா?"

"எது?"

"கீர்த்தனாவுக்குச் செஞ்சது."

அது பயிற்சி, போய்ப் பரீட்சைக்குப் படி என்றேன். உடனே பையிலிருந்து என் நோட்ஸை எடுத்தான். தண்ணீரும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவனின் நாமமும் இருந்தால், பட்டம் பெறாதவர் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லும். இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது. பக்கம் பதினான்கு. என் பாடத்தை எனக்கே வாசித்துக் காட்டுகிறான்!

"தண்ணி இருந்தது அய்யா. நாமமும் சொன்னேன். எங்க சபையில இது தெரிஞ்சா..." என்று இழுத்தான்.

பொம்மை இல்லாவிட்டால் பிள்ளைதான் இருக்கிறதே என்று அன்று வகுப்பில் நான் சொன்னது பேச்சுவாக்கில். அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

பிப்ரவரி 14, திங்கள்

தெரிந்துவிட்டது. வகுப்பில் எவனோ செல்போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவன் அதைச் சபையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். பாப்டிஸ்ட் பையன், தன் கையாலேயே, தன் பிள்ளைக்கு, குழந்தை ஞானஸ்நானம். அவர்களுக்கு இதைவிடக் கேவலம் வேறு கிடையாது. மே மாதம் அவனுக்குப் போதகர் அபிஷேகம் நடக்க வேண்டும். ஊரில் பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

பிப்ரவரி 15, செவ்வாய்

முதல்வர் ஹேமலதா அம்மா கூப்பிட்டு அனுப்பினார். மார்ச் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு மார்ச் கடைசியில் ஆட்சிக்குழு ஆள் எடுக்கிறது. வரிசையில் முதலில் நிற்பவன் நான். போன தடவையும் நான்தான் நின்றேன். தமிழ்க்காரன், நம்ம ஜனங்களின் மனசு தெரியாது என்று யாரோ முணுமுணுத்து இவரைப் போட்டார்கள். இப்போது ஒரு சின்னக் கறை போதும், மறுபடி அதே பாட்டைப் பாடுவார்கள்.

"தங்கையா காரு, பயிற்சியில தண்ணி கூடாது, நிஜப் பெயர் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதானே. பிறகு எப்படி?"

"மாணவர் ஆர்வத்தில் செய்துவிட்டார்" என்றேன்.

"நீங்க தடுக்கலையா?"

"அதற்குள் முடிந்துவிட்டது."

பொய் சொல்லவில்லை. ஆர்வம் இருந்தது. சீக்கிரமும் முடிந்தது.

பிப்ரவரி 17, வியாழன்

சாப்பிடும்போது எப்சிபா ஆரம்பித்தாள்.

"அந்தப் பொம்மை நம்ம வீட்டுலல்லா இருக்கு? சட்டை கிழிஞ்சிட்டுன்னு தைக்கச் சொல்லி நீங்கதான கொண்டாந்து போட்டிய."

"ஆமா. அதுக்கென்ன?"

"வகுப்புக்கும் வீட்டுக்கும் எம்புட்டு தூரம்? ஒரு ஆள அனுப்பியிருந்தா நான் குடுத்து விட்டுருப்பேன்லா."

"மறந்துட்டேன். ஒரு மனுசன் மறக்கக் கூடாதா? சோத்துல கைய வச்ச நேரத்துல வக்கீல் மாதிரி கேள்வி கேக்காத."

அவள் ரசத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மறந்தேன் என்று சொன்னால் மறந்தேன்தான். வகுப்புக்குள் நுழையும்போதே பொம்மை வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 22, செவ்வாய்

பாப்டிஸ்ட் சங்கச் செயலாளர் ஜகரய்யா எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். பதில் அனுப்பிவிட்டேன். நகல் இங்கே இருக்கட்டும்: "மேற்படி நிகழ்ச்சி முற்றிலும் வகுப்பறைப் பயிற்சியே. அது ஒரு நடிப்பு. அதில் ஞானஸ்நானத்தின் தன்மை எதுவும் இல்லை. குழந்தையைப் பயன்படுத்தியது மாணவரின் சொந்த முடிவு."

நான்கே வாக்கியம். கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை அடித்து எழுதினேன். தெலுங்கு சரியாக வரவில்லை.

மார்ச் 2, புதன்

விசாரணை. ஜகரய்யா வந்திருந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். வந்தவுடன் மோர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார். நல்ல மனிதர்தான், அதுவே எரிச்சலாக இருந்தது.

"தம்பி, உன்னைத் தொலைக்க நான் வரல. ரெண்டு வழி இருக்கு. ஆசிரியர் கட்டளை போட்டார், மார்க்குக்குப் பயந்து செஞ்சேன்னா அது உன் தப்பில்ல, சங்கம் விட்டுடும். இல்ல, நீயாத்தான் செஞ்சேன்னா, அது வெறும் நடிப்பு, ஞானஸ்நானமே இல்லன்னு சபை முன்னால எழுதிக் குடு. அதோட முடிஞ்சது. ரெண்டும் இல்லன்னா அபிஷேகம் கிடையாது."

வகுப்பில் இருந்த மற்ற பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லையாம். பயிற்சி மதிப்பெண் இன்னும் என் கையில் இருக்கிறது, ஞாபகம் எப்படி வரும்?

பிறகு ஹேமலதா அம்மா தேவதானத்தைக் கேட்டார். "யாராவது செய்யச் சொன்னாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. காத்துக்கொண்டு பார்த்தான், நான் வாயைத் திறப்பேன் என்று. நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு இறக்கையில் ஒட்டடை தொங்கியது. இந்தக் கல்லூரியில் எதையும் ஒழுங்காகத் துடைப்பதில்லை.

"நானேதான் செஞ்சேன்" என்றான்.

யார் கேட்டார்கள் இவனுடைய பெருந்தன்மையை? என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். நானும் மறுத்திருப்பேன், இருவரும் சமமாகியிருப்போம். இப்போது எனக்குப் பிச்சை போட்டவன் மாதிரி போகிறான். எழுதிக் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள்.

அன்று முதலில் அவன் வெறுங்கையைத்தான் பிள்ளையின் தலைக்கு மேலே ஆட்டினான். "சரியாகச் செய்" என்றேன். இங்கே எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 9, புதன்

சாம்பல் புதன். பாப்டிஸ்ட் மாணவர்கள் நெற்றியில் சாம்பல் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அட்டவணையில் தெளிவாகப் போட்டிருக்கிறேன். தேவதானம் வரிசையில் வந்து நின்றான். வைத்துவிட்டேன். விரல் அவன் நெற்றியில் பட்டபோது சுட்டது. காய்ச்சலாம், நான்கு நாளாக.

எப்சிபா கஞ்சி வைத்து அவர்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். எனக்கு நேற்றைய சாம்பார்.

மார்ச் 12, சனி

எப்சிபா: "அந்தப் புள்ள சுகுணா நம்மகிட்ட ஒரு வார்த்த குறையாச் சொல்லல, பாத்துக்கிடுங்க. அழுதுக்கிட்டே சட்டைக்குக் காஜா எடுக்கா. நீங்க போய் அவுக சங்கத்து ஆபீஸர்ட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"என்ன வார்த்தை?"

"அத நான் சொல்லணுமோ?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன தெரியும், அவள் வராந்தாவில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவள்.

மார்ச் 16, புதன்

நான் எதிர்பார்த்தது இது இல்லை.

ஜகரய்யா தட்டச்சு செய்த தாளோடு வந்தார். நடந்தது நடிப்பு, அதில் ஞானஸ்நானம் இல்லை என்று ஐந்து வரி. கையெழுத்துப் போட்டால் மே மாதம் அபிஷேகம். பேனா மூடியைத் திறந்தே நீட்டினார். விட்டது சனி, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் நினைத்தேன்.

தேவதானம் தாளை வாசித்தான். மறுபடி வாசித்தான். மேஜையில் வைத்தான்.

"இதுல போட முடியாது அய்யா."

"ஏன்? நீ குழந்தை ஞானஸ்நானத்தை நம்பறியா இப்ப?" என்றார் ஜகரய்யா.

"எனக்குத் தெரியல. இன்னும் எனக்குச் சந்தேகம்தான். ஆனா என் பிள்ளை தலையில தண்ணிய ஊத்தி, அவ பேரைச் சொல்லி, தேவனோட நாமத்தைச் சொன்னேன். மொத தடவை ஊத்தும்போது விளையாட்டாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தடவை அவ கண்ணைத் தொறந்து என்னப் பாத்தா. மூணாவது தடவை அவளுக்காகத்தான் சொன்னேன். அது நடிப்பு இல்ல. அந்த நாமத்தை நான் விளையாட்டுக்குச் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு அதே நாமத்தைச் சொல்லி எப்படி ஊழியம் செய்வேன்?"

ஜகரய்யா பேனாவை மூடினார். என்னிடம் திரும்பி, "உங்க சபை இதை நம்புற சபை. நீங்க சொல்லுங்க, அன்னிக்கு நடந்தது ஞானஸ்நானமா இல்லையா?" என்று கேட்டார்.

"என் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

"நடிப்புன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்."

தேவதானம் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக வெட்கப்பட்டான் என்று தோன்றியது. சீ, என்ன பிழைப்பு இது. நாற்பது நாள் பிள்ளையாக என்னை ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்ததை நான் மேஜை மேலே போட்டு விற்றேன். அதை நம்பாத பையன் அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறான்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதுகிறேன். பொம்மையை எடுத்து வர ஒருவன் எழுந்தான், வேண்டாம் உட்கார் என்றேன். சுகுணாவை நானே கையசைத்துக் கூப்பிட்டேன். தேவதானம் வெறுங்கையை ஆட்டியபோது, "தண்ணியை ஊத்து. உன் பிள்ளை பேரைச் சொல்லு. இல்லேன்னா பூஜ்யம்" என்றேன். அவன் தயங்கினான். "பேசும்போது இருந்த தைரியம் எங்கே?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

மார்ச் 18, வெள்ளி

சங்கத்தின் பட்டியலிலிருந்து தேவதானத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 30, புதன்

ஆட்சிக்குழு என்னை முதல்வராகத் தேர்ந்தெடுத்தது. பூங்கொத்து, மாலை, லட்டு. ஊரிலிருந்து தம்பி போன் செய்து சத்தம் போட்டுச் சிரித்தான். எப்சிபா லட்டைப் பொட்டலத்தோடு அப்படியே வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, சனி

தேவதானமும் சுகுணாவும் பிள்ளையோடு விடைபெற வந்தார்கள். பரீட்சை எழுதிவிட்டான், பட்டம் வரும், போய் நிற்கத்தான் சபை இல்லை. விஜயவாடாவில் மாமனார் ஒரு பைண்டிங் கடை வைத்திருக்கிறாராம். அங்கே வேலை. நீங்கள் அனுப்பும் பாட்டுப் புத்தகங்களை நானே தைத்துத் தருவேன் என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க முடியவில்லை.

ஆட்டோ வெளியே நின்றது. அவன் படியிறங்கப் போனவன் திரும்பினான்.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு. சங்கத்துக்காக இல்ல, யாருகிட்டயும் காட்ட மாட்டேன். அன்னிக்கு நடந்தது உண்மைதானே?"

எப்சிபா கதவருகில் நின்றாள். சுகுணா என் வாயையே பார்த்தாள். இல்லை என்று சொன்னால் இந்தப் பையன் தன் வாழ்க்கையை ஒன்றுமில்லாத ஒன்றுக்காக வீசியவன் ஆவான்.

"உண்மைதான்" என்றேன்.

அவன் கண் நிறைந்துவிட்டது. "அப்ப ஒரு தாள்ல எழுதிக் குடுங்க அய்யா. இவ பெரியவளானா கையில குடுக்கணும். அப்பா என்ன செஞ்சான், எதுக்காகன்னு."

எப்சிபா உள்ளே போய், தாளும் பேனாவும் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். தேதி எழுதினேன். பிள்ளையின் பெயர் எழுதினேன். கொடுத்தவர் என்ற இடத்தில் தகப்பன் பெயர் எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். நடிப்பு என்று எழுதிய அதே கை. இந்தத் தாள் ஒருநாள் யார் கையிலாவது கிடைத்தால்? நாற்காலியில் இன்னும் உட்காரக்கூட இல்லையே.

"ரயிலுக்கு நேரமாகுது. முத்திரை வச்சு ஒழுங்காத் தபால்ல அனுப்பறேன்" என்றேன்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. "சரிங்க அய்யா" என்று சொல்லி முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போனான். பிள்ளை ஆட்டோவுக்குள்ளிருந்து கையை ஆட்டியது. யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5, செவ்வாய்

முதல்வர் அறைக்கு என் புத்தகங்களைத் தூக்கிப் போனார்கள். மேஜையில் இருந்த அந்தத் தாளைக் காணவில்லை. எப்சிபாவிடம் கேட்டேன்.

"தபால்ல போட்டாச்சு."

"கையெழுத்து இல்லையே அதுல?"

"சாட்சின்னு போட்டு நான் கையெழுத்துப் போட்டேன்."

"நீ எதுக்குச் சாட்சி?"

"அன்னிக்கு சுகுணாவ நீங்க கூப்பிட்டப்ப நானும் அவ பின்னாலயே வந்தேன். சன்னல்ல நின்னேன். ஊத்துன்னு சொன்னிய. பூஜ்யம்னு சொன்னிய. எல்லாம் கேட்டேன். அதையும் எழுதியிருக்கேன். அந்தப் பயலுக்கு ஒண்ணு, ஜகரய்யாவுக்கு நகல் ஒண்ணு."

அவள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வாரத்துக்கு மேல காத்திருந்தேன், நீங்களே சொல்லுவியன்னு. நித்தமும் நீங்க சிற்றாலயத்துக்குப் போறப்பல்லாம், இன்னிக்குச் சொல்லிருவாக, இன்னிக்குச் சொல்லிருவாகன்னு. பேனாவையும் கையில எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பதினெட்டு வருடமாக எதற்கெடுத்தாலும் வருகிற கோபம், வரவில்லை. சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா என்றுதான் கேட்டேன்.

பதிவுத் தபால் என்றாள்.